‘கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’: அம்மாவின் முந்தானையும் ஆங்கில நாடாவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழித்துறையிலும் பாறசாலையிலும் காலை ரயிலைப் பிடித்துத் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிற பிள்ளைகள்தான் என்னிடம் ஆங்கிலம் பேசப் பழக வருகிறவர்களில் பாதிக்கு மேல். வீட்டில் தமிழ், ரயிலில் மலையாளம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று ஒரே நாளில் மூன்று மொழியில் வாழ்கிறவர்கள். மரபுத்தொடர்களில் அவர்களை அதிகம் குழப்புவது ‘கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’. பிள்ளைகள் கேட்ட கேள்விகளோடு, அவர்களைக் கொண்டுவந்து விடுகிற அம்மாமார் வாசலில் நின்று கேட்ட கேள்விகளும் இதில் இருக்கின்றன.

இந்தத் தொடருக்கு என்னதான் பொருள்?

சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘ஏப்ரனின் நாடாவை அறு’. வழக்கில், வளர்ந்த பிள்ளை எதற்கெடுத்தாலும் அம்மாவைச் சார்ந்திருப்பதை விட்டுவிட்டு, தன் முடிவைத் தானே எடுக்கத் தொடங்குவது.

அறுக்கிற கை யாருடையதாகவும் இருக்கலாம். பிள்ளை அறுத்துக்கொண்டான் என்றும் சொல்வார்கள். “போதும், இனி அவனை விடு” என்று அம்மாவுக்குப் புத்தி சொல்லும்போதும் இதே தொடரைத்தான் சொல்வார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ‘டைட் டு ஹிஸ் மதர்ஸ் ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’ என்றால் அம்மாவின் ஏப்ரன் நாடாவிலேயே கட்டுண்டு கிடக்கிறவன். அந்தக் கட்டு மனதில் இருந்தால்தான் அறுப்பதற்குப் பொருள் வரும். அதனால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

ஏப்ரன் சமையலுக்குக் கட்டுவதுதானே? அதன் நாடாவுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரனை முன்பக்கம் வைத்து, நாடாவைப் பின்பக்கம் இடுப்பில் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு போக மிச்ச நாடா பின்னால் தொங்கும். அம்மா அடுப்புக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருப்பாள். நடக்கப் பழகிய குழந்தை பின்னால் தொங்குகிற அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றும். அம்மாவின் முகம் அதற்குத் தெரியாது, முதுகுதான் தெரியும். ஆனாலும் விடாது. இந்தப் பிடிதான் தொடரின் உயிர்.

இங்கிலாந்தில் இன்னொரு கயிறும் இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சிறு குழந்தைகளின் சட்டையில் தோள்பக்கம் நீளமான இரண்டு பட்டைகளைத் தைத்துவிடுவார்கள். குழந்தை தத்தித் தத்தி நடக்கும்போது விழுந்துவிடாமல் பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ‘லீடிங் ஸ்ட்ரிங்ஸ்’. பெரிய ஆளைப் பார்த்து ‘இன்னும் லீடிங் ஸ்ட்ரிங்ஸில் இருக்கிறான்’ என்றால், அடுத்தவர் பிடித்து நடத்தாமல் நடக்கத் தெரியாதவன் என்று அர்த்தம். இப்போது அந்தச் சட்டையும் இல்லை, அந்தப் பேச்சும் அருகிவிட்டது. ஏப்ரன் மட்டும் நிலைத்துவிட்டது.

மூன்றாவதாக ஒரு சங்கதி, சட்டப் புத்தகத்திலிருந்து வருவது. மனைவியின் வழியாக, அவள் உயிரோடு இருக்கும் காலம்வரை மட்டும் கணவன் அனுபவிக்கிற நிலத்தை 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ‘ஏப்ரன் ஸ்ட்ரிங்’ உரிமை என்று கேலியாகச் சொன்னார்கள். அவள் போனால் நிலமும் போச்சு. ஏப்ரன் நாடா என்றாலே பெண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆண் என்ற நினைப்பு அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ள முழு உரிமை கொடுத்த சட்டம் வந்தது 1882இல்தான். நிலத்தை ஆண்டவன் கணவன், கேலி மட்டும் அவளுடைய ஏப்ரனுக்கு!

நாஞ்சில்நாட்டுக்காரர்களுக்கு இந்த இடத்தில் மருமக்கள்வழி ஞாபகம் வரும். இங்கே நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் குடும்பங்களில் தகப்பன் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போனது. கவிமணி அதை வைத்து ஒரு மான்மியமே பாடி நையாண்டி செய்தார். 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்து மக்கள்வழிக்கு இடம் கொடுத்தது. அந்த வீடுகளில் ஓர் இளைஞன் தலைநிமிர வேண்டுமானால் அவன் விடுபட வேண்டியிருந்தது அம்மாவின் முந்தானையிலிருந்து அல்ல; தாய்மாமனின் சாவிக்கொத்திலிருந்து. ஆங்கிலக்காரனுக்கு அதற்கு ஒரு தொடர் கிடையாது.

ஏப்ரன் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பழைய பிரெஞ்சிலிருந்து. முதலில் அது ‘நேப்ரன்’. துணி விரிப்பைக் குறித்த சொல்லிலிருந்து கிளைத்தது. கைதுடைக்கிற ‘நேப்கின்’ அதே குடும்பம். ஆங்கிலத்தில் முன்னால் ‘எ’ சேர்த்து ‘எ நேப்ரன்’ என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் ‘அன் ஏப்ரன்’ என்று பிரித்துக்கொண்டார்கள். ‘ந’ என்ற ஒலி முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

ஆரஞ்சும் இதே மாதிரி ‘ந’வைத் தொலைத்த சொல்தான். ஆனால் அது தொலைந்தது இங்கிலாந்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே, வழியில். நம் நாரத்தைக்கும் ஆரஞ்சுக்கும் மூலம் ஒன்று. களியக்காவிளையைத் தாண்டி ஒரு கடையில் ‘நாரங்காவெள்ளம்’ கேட்டால் எலுமிச்சைச் சாறு கொடுப்பார்கள். அங்கே ‘ந’ பத்திரமாக இருக்கிறது.

அப்படியானால் ‘முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறான்’ என்று நாம் சொல்வதும் இதுவும் ஒன்றுதானே?

கட்டுப்பட்டிருக்கும் பாதி ஒன்றுதான். ‘அம்மா முந்தானையையே பிடிச்சுக்கிட்டுத் திரியுறான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ‘டைட் டு ஹிஸ் மதர்ஸ் ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’ என்பதைவிடப் பொருத்தமான தொடர் கிடைக்காது. மலையாளத்தில் அம்மாவின் சாரித்தும்பில் பிடித்து நடப்பது என்பார்கள். அம்மாவின் உடையில் குழந்தையின் கைக்கு எட்டுகிற நுனி எதுவோ, அதுவே மூன்று மொழியிலும் வந்திருக்கிறது. இதில் யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை.

அறுக்கிற பாதிக்கு வந்தால் கதை வேறு. முந்தானையை விட்டான் என்று சொல்லலாம். ‘முந்தானையை அறுத்தான்’ என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான், சொன்னால் வீட்டில் கலவரம். ஏன் என்று யோசித்தால் காரணம் அந்தத் துணியிலேயே இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் சந்தைக்குப் போய் வருகிற வயதான ஒரு பெண்ணிடம் பேரப்பிள்ளை பேருந்துக்குக் காசு கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் செருகிய சேலை நுனியை உருவுவாள். முடிச்சு இறுகியிருக்கும், நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, முடியாமல் பல்லால் கடித்து இளக்குவாள். உள்ளே நான்காக, எட்டாக மடித்த பத்து ரூபாய், ஐம்பது ரூபாய், இரண்டு மூன்று நாணயம், சில நேரம் ஒரு மாத்திரை அட்டைத் துண்டு. வேர்வையில் நமுத்துப்போன நோட்டைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து நீவிக் கொடுப்பாள். மீதியை மறுபடி முடிந்து செருகுவாள். சேலை நுனிக்கு மலையாளத்தில் கோந்தல என்று ஒரு சொல் உண்டு. காசு முடிந்து வைக்கிற இடம் என்றுதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஏப்ரன் நாடா வெறும் கட்டு. முந்தானை வியர்வை துடைக்க, வெயிலுக்குப் போர்த்த, குழந்தைக்கு விசிற, காசு முடிய என்று வேலை செய்கிற துணி. அதைப் பிடித்துத் திரிகிறவனைக் கேலி செய்வோம், ஆனால் அந்தத் துணியை வெட்டச் சொல்கிற பேச்சு நம்மிடம் உருவாகவில்லை.

‘சொந்தக் காலில் நிற்பது’ என்பதை மொழிபெயர்க்க இந்தத் தொடரைப் போடலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். போடாதீர்கள்.

சொந்தக் காலில் நிற்பது என்றால் நாம் நினைப்பது பிழைப்பு. சம்பாதிக்கிறான், யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு ஆங்கிலத்தில் நேர்த்தொடரே இருக்கிறது: ‘ஸ்டாண்ட் ஆன் ஒன்ஸ் ஓன் டூ ஃபீட்’. மலையாளத்தில் ‘ஸ்வந்தம் காலில் நில்க்குக’. தயக்கமில்லாமல் அதைப் போடுங்கள்.

‘கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’ பிழைப்பைப் பற்றிப் பேசவில்லை, பிடிப்பைப் பற்றிப் பேசுகிறது. கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனும் எந்தச் சட்டை போடலாம், எந்தப் பெண்ணைப் பார்க்கலாம், வேலையை விடலாமா வேண்டாமா என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டே செய்தால், ஆங்கிலக் கணக்கில் அவன் நாடா இன்னும் அறவில்லை. மறுபக்கம், வேலை இல்லாமல் நண்பன் அறையில் படுத்திருக்கிற ஒருவன் வீட்டுப் பேச்சைக் கேட்காமல் தன் வழியில் போகிறான் என்றால், அவன் அறுத்துக்கொண்டவன். காலில் நிற்கிறானா என்பது வேறு விஷயம்.

இன்னும் ஆழமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நாம் ஒரு பையன் ஆளாகிவிட்டான் என்பதைச் சொல்ல ‘தலையெடுத்துட்டான்’ என்போம். ‘மூத்தவன் தலையெடுத்ததுக்குப் பிறகுதான் அந்த வீடு நிமிர்ந்தது.’ தலையெடுப்பது என்றால் வீட்டைத் தூக்குவது. தங்கச்சி கல்யாணக் கடனும் அப்பாவின் மருந்துச் செலவும் அவன் தலைக்கு மாறுவது. குளச்சலிலிருந்து வளைகுடாவுக்குப் போனவன் மாதாமாதம் அனுப்புகிற பணத்தில் வீடு எழும்புகிறது. தினமும் ராத்திரி அம்மாவிடம் போனில் பேசாமல் அவன் தூங்குவதில்லை. இவன் தன் காலில் நிற்பவனா என்று ஊரில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். அதில் என்ன சந்தேகம்? ஆனால் ‘ஹி ஹாஸ் கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’ என்று அவனைப் பற்றிச் சொன்னால் பொய்யாகிவிடும். அறுத்தவன் எதற்காகத் தினமும் பேசுகிறான்?

நமக்கு விடுதலை என்பது பாரம் ஏற்கிற பக்கமிருந்து வருகிறது, அவர்களுக்குப் பிடி விடுகிற பக்கமிருந்து. இரண்டும் நடக்கிற ஆட்கள் உண்டு. ஒன்று மட்டும் நடந்திருக்கும்போது மற்றதற்கான தொடரைத் தூக்கிப் போடுவதுதான் தவறு.

வேலைக்கான நேர்முகத்தில் என்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்ளலாமா?

வேண்டாம். ‘ஐ ஹாவ் கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’ என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் முதலில் நினைப்பது, இதுவரை இவன் அம்மா பிள்ளையாக இருந்திருக்கிறான் என்பதைத்தான். தொடரில் லேசான கிண்டல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்தவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டு சொல்லலாம், நண்பனிடம் உரிமையோடு சொல்லலாம். தன்னைப் புகழ்ந்துகொள்ளப் பயன்படாது.

விடுதியில் தங்கிப் படித்தேன், என் செலவை நானே பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டுமா? ‘ஐ ஹாவ் லிவ்ட் ஆன் மை ஓன்’, ‘ஐ சப்போர்ட் மைசெல்ஃப்’. சாதாரண ஆங்கிலம். மரபுத்தொடர் போட்டால் மதிப்பெண் கூடும் என்று நினைக்காதீர்கள். நேர்முகத்தில் கூடுவது தெளிவுக்கு.

வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

‘இட்ஸ் டைம் யு கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்.’ நீ அம்மாவை விட்டு வெளியே வர வேண்டிய நேரம் வந்துவிட்டது.

‘ஷி ஃபவுண்ட் இட் ஹார்ட் டு கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்.’ இதில் ‘ஷி’ மகளாகவும் இருக்கலாம், பிள்ளையை விட மனமில்லாத அம்மாவாகவும் இருக்கலாம். முன்பின் வாக்கியத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

‘ஹி இஸ் ஃபார்ட்டி அண்ட் ஸ்டில் டைட் டு ஹிஸ் மதர்ஸ் ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்.’ நாற்பது வயதாகியும் அம்மா முந்தானையை விடவில்லை.

மாணவர்கள் சறுக்குகிற இடங்கள் இவை. ‘ஸ்ட்ரிங்’ என்று ஒருமையில் எழுதக் கூடாது, எப்போதும் ‘ஸ்ட்ரிங்ஸ்’. ‘டைட்’டுக்குப் பிறகு ‘டு’ வரும். முந்தானை‘யோடு’ என்ற நினைப்பில் ‘வித்’ போட்டுவிடுகிறார்கள். ‘கட்’டுக்கு இறந்தகாலமும் ‘கட்’தான், ‘கட்டட்’ என்று ஒன்று இல்லை. ‘மை ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’ என்று பிள்ளை சொன்னால் ஏப்ரன் அவனுடையதாகிவிடும், பொருள் தலைகீழ். ‘கட்’ என்ற இடத்தில் ‘அன்டை’ என்று, அதாவது அவிழ்ப்பது என்று சொல்வதும் உண்டு. அது கொஞ்சம் மென்மையாகக் கேட்கும். எனக்கு அதுதான் பிடித்தம்.

எப்படி உச்சரிப்பது?

ஏப்-ரன். ‘ஏ’ நீளம், ‘ரன்’ ஒட்டியும் ஒட்டாமலும். ‘அப்ரான்’ என்று கடைகளில் சொல்வதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். இலக்கணத்தில் தடையில்லை, மகளுக்கும் தாராளமாகச் சொல்கிறார்கள். கேலி மட்டும் ஆண்பிள்ளையின் மேல்தான் அதிகம் விழுகிறது. ‘ஆம்பளையா லட்சணமா இரு’ என்கிற அதே மனப்பான்மை அங்கேயும் உண்டு.

நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் இன்னொரு நியாயமான கேள்வி கேட்பார்கள். எங்களைக் கட்டி வைத்திருப்பது அம்மாவின் நாடாவா, அப்பாவின் கட்டளையா? திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கப் போகிறேன் என்று சொன்னால் அம்மா சம்மதித்துவிடுகிறாள், அப்பாவும் சித்தப்பாவும்தான் மறிக்கிறார்கள். அதற்கு இந்தத் தொடர் சரிவராது. அம்மாவின் அன்புப் பிடியைச் சொல்ல வந்தது இது, அதிகாரத்தைச் சொல்ல வந்ததில்லை. அனுமதி கிடைக்காததை அனுமதி கிடைக்கவில்லை என்றே ஆங்கிலத்திலும் சொல்லுங்கள்.

மனைவி சொல் கேட்கிறவனையும் இப்படிச் சொல்வார்களா?

சொல்வார்கள். ‘டைட் டு ஹிஸ் வைஃப்ஸ் ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்’. நாம் ‘பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கா’ என்பதும் இதுவும் அப்படியே ஒன்று. மலையாளத்தில் ஒரே சொல்லில் அச்சிக்கோந்தன் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் மனைவி விஷயத்தில் ‘கட்’ சேர்த்து வழக்கமாகப் பேசுவதில்லை. சேர்த்தால் விவாகரத்து என்று நினைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

‘கட் தி கார்ட்’ என்றும் கேள்விப்படுகிறோமே, அதுவும் இதுதானா?

அதில் கார்ட் என்பது தொப்புள்கொடி. பிள்ளைக்கும் அம்மாவுக்கும் இடையே உள்ள சார்பை வெட்டுவது என்ற பொருளில் ஏப்ரன் தொடருக்குப் பக்கத்தில் வரும். ஆனால் இப்போது அமெரிக்கர் ஒருவர் ‘வி கட் தி கார்ட்’ என்றால், பெரும்பாலும் கேபிள் டிவி இணைப்பைத் துண்டித்துவிட்டு இணையத்தில் படம் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். அவரிடம் போய் “அம்மா வருத்தப்பட்டாங்களா?” என்று கேட்டுவிடாதீர்கள்.

தமிழில் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். தொப்புள்கொடி உறவு என்பது நமக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பந்தம். மேடையில் ஈழத் தமிழரைப் பற்றிப் பேசுகிறவர் யாரும் அந்தக் கொடி அறுந்ததாகச் சொல்வதில்லை. ‘அவன் தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டான்’ என்று மொழிபெயர்த்தால், சுதந்திரமானவன் என்று படிக்க மாட்டார்கள், பெற்றவளை மறந்தவன் என்றுதான் படிப்பார்கள்.

பறவையை வைத்துச் சொல்கிற தொடர்களில் எதை எப்போது சொல்வது?

‘லீவ் தி நெஸ்ட்’ அல்லது ‘ஃப்ளை தி நெஸ்ட்’: பிள்ளை பெற்றோர் வீட்டிலிருந்து வெளியேறித் தனியாகக் குடியிருக்கப் போவது. கிண்டல் இல்லை, யாரைப் பற்றியும் சொல்லலாம். பிள்ளைகள் போன பிறகு மிஞ்சுவது ‘எம்ப்டி நெஸ்ட்’. எல்லைக்கு இருபுறமும் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளில் கீழ்த்தளத்து ஓர் அறையில் மட்டும் விளக்கெரிகிறது, அப்பாவும் அம்மாவும் அங்கே டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘ஃப்ளை தி கூப்’பில் ஜாக்கிரதை. கூப் என்பது கோழிக்கூடு. அடைத்து வைத்த இடத்திலிருந்து நைசாகக் கம்பி நீட்டுவது என்ற வாசனை அதில் உண்டு. சிறையிலிருந்து தப்பியவனுக்கும் அதைச் சொல்வார்கள். மகள் வேலை கிடைத்துப் பெங்களூர் போனதை அலுவலகத்தில் ‘ஃப்ளை தி கூப்’ என்று சொன்னால், கேட்கிறவர் குரலைத் தாழ்த்தி என்ன ஆச்சு என்று விசாரிப்பார்.

‘ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்’ முழுக்க நல்ல வார்த்தை. ஆசிரியர் மாணவரை வாழ்த்தும்போது சொல்லலாம். நம்மிடமும் இறக்கை உண்டு, ஆனால் அது எப்போது வரும் என்று யோசியுங்கள். “என்னலே, ரெக்கை முளைச்சிட்டோ?” என்று அம்மா கேட்டால் அது வாழ்த்தா? சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிடுவது நல்லது.

வேறு என்ன தொடர்கள் பக்கத்தில் வரும்?

‘பேடில் யுவர் ஓன் கனூ’: உன் தோணியை நீயே துடுப்புப் போடு. 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் இருக்கிறது, இப்போது கொஞ்சம் பழைய வாடை அடிக்கும். தேங்காப்பட்டணத்து மாணவர்கள் இதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டுமரத்தையே ஆங்கிலத்துக்குக் கொடுத்த கடற்கரை அல்லவா!

‘ஃபைண்ட் யுவர் ஃபீட்’ என்பதைச் சொந்தக் காலில் நிற்பதோடு குழப்புகிறார்கள். புது இடத்தில், புது வேலையில் பழகித் தேறுவதுதான் அது. சேர்ந்த முதல் மாதம் ‘ஐ ஆம் ஸ்டில் ஃபைண்டிங் மை ஃபீட்’ என்று மேலாளரிடம் சொல்லலாம், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தனிக்குடித்தனத்துக்கு நேர்த்தொடர் கேட்கிறவர்களுக்கு: இல்லை. ‘செட் அப் ஹவுஸ்’, ‘மூவ் அவுட்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அங்கே கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம்தான் வழக்கம் என்பதால் அதற்கென்று ஒரு பேச்சு தேவைப்படவில்லை.

நாட்டுக்கோ ஊருக்கோ இந்தத் தொடரைச் சொல்லலாமா?

சொல்கிறார்கள். பிரிட்டனைத் தாய்நாடு என்று அழைத்த குடியேற்ற நாடுகளைப் பற்றி எழுதும்போது ஏப்ரன் நாடா நன்றாகவே வேலை செய்யும். ஆஸ்திரேலியா அதற்குப் பொருத்தமான உதாரணம். 1901இலேயே அது ஒரே நாடாகக் கூடிவிட்டது. ஆனாலும் அங்குள்ள மாநிலங்களின் வழக்குகளை லண்டன்வரை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோகிற வழி 1986இல் ஆஸ்திரேலியச் சட்டம் வந்த பிறகுதான் அடைபட்டது. அம்மா வீட்டை விட்டு வந்தபின்னும் அம்மாவிடமே தீர்ப்புக் கேட்ட பிள்ளை! வங்கியிலிருந்து பிரியும் கிளை நிறுவனம், தலைமைக் கட்சியை விட்டு விலகும் மாநிலக் கட்சி, இவற்றுக்கும் பத்திரிகைகளில் வரும்.

அப்படியானால் 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததை இப்படி எழுதலாமா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். கூடாது. திருவனந்தபுரம் அந்தத் தாலுகாக்களுக்கு அரசுத் தலைநகராக இருந்தது, அம்மாவாக இருந்ததில்லை. போராடிப் பிரிந்தவர்களை அம்மா பிள்ளை என்று சொன்னால் மார்த்தாண்டம் சந்திப்பில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

இதற்கு வயது வரம்பு ஏதாவது உண்டா?

தொடருக்கு இல்லை. சட்டத்துக்குத்தான் உண்டு. இந்தியாவில் 1875ஆம் ஆண்டின் சட்டப்படி 18. இங்கிலாந்தில் 21ஆக இருந்து, 1970 தொடக்கத்திலிருந்து 18 ஆனது. 21ஆம் பிறந்தநாளில் பிள்ளைக்கு வீட்டு வாசல் சாவியைக் கொடுப்பது அங்கே ஒரு சம்பிரதாயம். பிறந்தநாள் அட்டைகளில் இன்னமும் சாவிப் படம் வரும். எப்போது வேண்டுமானாலும் போ, எப்போது வேண்டுமானாலும் வா என்று அதற்குப் பொருள்.

போட்டித் தேர்வில் வந்தால்?

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளில் மரபுத்தொடர்க் கேள்விகள் வருவதுண்டு. ‘பிகம் இன்டிபென்டன்ட்’ என்ற கருத்துள்ள விடையைத் தேர்ந்தெடுங்கள். சமையல், தையல், சண்டை என்று வருகிற மற்ற விடைகள் திசைதிருப்ப வைத்தவை.

என் மகன் இதை என்னிடமே சொன்னான். கோபித்துக்கொள்ளலாமா?

ஓர் அம்மா உண்மையிலேயே கேட்டார். காலையில் ரயில் ஏறிய மகனுக்கு வழக்கம்போல் போன் செய்து, “மக்களே, எறங்கிட்டியா? மரச்சீனியும் மீனும் வெச்சிருக்கேன், மத்தியானம் மறக்காம தின்னு” என்றிருக்கிறார். பக்கத்தில் நண்பர்கள் இருந்திருப்பார்கள் போல. “அம்மா, ப்ளீஸ், கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ்” என்று சொல்லி வைத்துவிட்டான். என்ன சொன்னான் என்று புரியாமல் என்னிடம் வந்தார்.

சொன்னது இதுதான் என்று விளக்கினேன். திட்டவில்லை, இலக்கணமும் சரி, ஆனால் அம்மாவிடம் நேராகச் சொல்கிற தொடர் இல்லை. அங்கேயும் பிள்ளைகள் அம்மா முகத்துக்கு நேரே இதைச் சொன்னால் அடுக்களையில் பாத்திரச் சத்தம் கூடத்தான் செய்யும். நண்பர்கள் முன்னால் போன் வேண்டாம் என்பதுதான் அவன் கோரிக்கை என்றேன். “அதத் தமிழ்லயே சொல்லப்பிடாதா?” என்றார். சோற்றுப் பாத்திரம் திரும்பி வந்ததா என்று கேட்டேன். காலியாக வந்திருந்ததாம்.

‘பர்ஸ் ஸ்ட்ரிங்ஸ்’, ‘நோ ஸ்ட்ரிங்ஸ் அட்டாச்ட்’ இவையும் இதே நாடாதானா?

இல்லை, இவை வேறு கயிறுகள். பர்ஸ் ஸ்ட்ரிங்ஸ் என்பது சுருக்குப்பையின் கயிறு. ‘ஹூ ஹோல்ட்ஸ் தி பர்ஸ் ஸ்ட்ரிங்ஸ்?’ என்றால் வரவு செலவு யார் கையில் என்று கேட்பது. வீட்டுக்கும் சொல்லலாம், அரசின் நிதித்துறைக்கும் சொல்லலாம். ‘நோ ஸ்ட்ரிங்ஸ் அட்டாச்ட்’ என்றால் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுப்பது. கடன் விளம்பரங்களில் இதைப் பார்த்தால், கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.